புரவி வண்டி ஓடுமா?

கேள்வி: விக்டோரியா மெமோரியல் பக்கம் வண்டியில் சுற்றியதை ஊருக்கு எழுதும்போது ‘புரவி வண்டி’ என்று எழுதிவிட்டேன். வீடே சிரிக்கிறது. புரவி என்றால் குதிரைதானே?
– வாசகி ஒருவர், சாந்த்ராகாச்சி

பதில்: குதிரையேதான். ஆனால் கொள்ளுத் தின்று, லத்தி போட்டு, வெயிலில் சவாரிக்குக் காத்து நிற்பது குதிரை. சாண்டில்யன் கதாநாயகன் தாவி ஏறினால் அது புரவி. வாடகை பேரம் பேசி ஏறினால் ஆகாதம்மா!

சங்கப் புலவர்களுக்கு இது சர்வசாதாரணச் சொல். காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியே வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை புரவி என்றே சொல்கிறது. பரி, மா, இவுளி என்று பங்காளிகளும் உண்டு. மாணிக்கவாசகருக்காகச் சிவபெருமான் நரியைப் பரியாக்கினார். எதுகைக்காகவே அந்தத் திருவிளையாடலோ என்று எனக்கொரு சந்தேகம்.

புரவி ஏட்டோடு போய்விடவில்லை. சிவகங்கை, புதுக்கோட்டைச் சீமையில் வேளார்கள் களிமண்ணில் குதிரை வனைந்து, சூளையில் சுட்டு, வண்ணம் தீட்டித் தருவார்கள். ஊரே கூடி அதைத் தோளில் சுமந்து அய்யனார் கோயிலில் கொண்டுபோய் வைக்கும். அந்தத் திருவிழாவுக்கு இன்றைக்கும் ‘புரவி எடுப்பு’ என்றுதான் பெயர். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பாட்டிக்கும் அங்கே புரவி தெரியும்.

2020 டிசம்பரில் வந்த ‘புரெவி’ புயலை இதோடு சேர்த்துவிடாதீர்கள். அது மாலத்தீவு வைத்த பெயர்; ஒருவகை அலையாத்தி மரம்.

அய்யனாருக்கு எடுப்பது புரவி. கல்கத்தாவில் நீங்கள் ஏறியதைக் குதிரை வண்டி என்றே எழுதுங்கள்.