தில்லைக்காரர் பார்சல் கேட்ட கதை

கடலூர்ப் பக்கத்து வரலாற்றை யார் எழுதினாலும் கோட்டையில் ஆரம்பித்துப் பீரங்கியில் முடித்துவிடுகிறார்கள். அடுப்பங்கரைப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. பார்த்திருந்தால், இந்த ஊர்க்காரர்கள் ஆயிரத்துச் சொச்சம் வருஷமாக ஒரே வேலையைத்தான் செய்துவந்திருக்கிறார்கள் என்பது தெரிந்திருக்கும். சமைப்பது, வந்தவருக்குப் போடுவது, அவர் கை கழுவுவதற்குள் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டு மாட்டிவைப்பது.

சமையற்காரர் முதன்முதலாக மாட்டிக்கொண்டது ஏழாம் நூற்றாண்டில். திருவாமூர் மருள்நீக்கியார், பின்னாளில் அப்பர் என்று உலகம் கும்பிட்டவர், அப்போது தருமசேனர் என்ற பெயரில் திருப்பாதிரிப்புலியூர்ச் சமணப் பள்ளியில் பெரிய பதவியில் இருந்தார். திடீரென்று சூலை நோய். வயிற்றை முறுக்கிப் பிடித்தது. நோயைக் கொடுத்தவர் சிவபெருமான்தான் என்கிறது பெரிய புராணம். சாப்பாட்டின் மேல் அது பழி போடவில்லை. ஆனால் திருவதிகையில் இருந்த அக்கா திலகவதியாரிடம் சேதி சொல்ல அவர் யாரை அனுப்பினார் தெரியுமா? தம்முடைய சமையற்காரரை! வயிற்றுவலிக்காரன் சமையற்காரனையே தூது விட்ட கதை வேறெங்கும் உண்டா என்று தெரியவில்லை. "அம்மா, நான் ஒண்ணும் புதுசாப் போடலீங்க" என்று வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டே அந்த மனிதர் நடந்திருப்பார். அக்கா கஷாயம் ஏதும் கொடுத்தனுப்பவில்லை. "அந்த இடத்துக்கு நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். தம்பி ராத்திரியோடு ராத்திரியாக அக்கா வீடு வந்து சேர்ந்தார். திருநீறு கிடைத்தது, வலி போனது, தேவாரம் வந்தது. சமையற்காரர் அப்புறம் என்ன ஆனார் என்று யாரும் விசாரிக்கவில்லை. இதுதான் அந்தத் தொழிலின் லட்சணம்.

அடுத்த கதை தில்லையில். இது செவிவழிக் கதை. ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். சேந்தனார் பட்டினத்தாரிடம் கணக்குப் பார்த்தவர். முதலாளி துறவியாகிப் போனபின் கருவூலத்தைத் திறந்து ஊருக்கு வாரி விட்டார். கணக்கப்பிள்ளை கணக்கை இப்படி முடித்தால் ராஜா சும்மா இருப்பாரா? சிறை. அதிலிருந்து மீண்டு, சிதம்பரத்துப் பக்கம் குடும்பத்தோடு விறகு வெட்டி விற்றுப் பிழைத்தார். தினம் ஒரு அடியாருக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் தாம் சாப்பிடுவார். ஒருநாள் அடைமழை. ஈர விறகை யார் வாங்குவார்கள்? காசில்லை, அரிசியில்லை. வீட்டில் கிடந்த மாவைப் போட்டு, அதே ஈர விறகை ஊதி ஊதி, அம்மாள் களி கிண்டினாள். புகையில் பாதி, பானையில் பாதி.

நேரம் பார்த்து ஒரு கிழ அடியார் மழையில் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார். உட்கார்ந்தார், சாப்பிட்டார். சாப்பிட்டதோடு விட்டாரா? "ராத்திரிக்கும் கொஞ்சம் கட்டிக் கொடு" என்றார். தமிழ்நாட்டின் முதல் பார்சல் அதுதான் என்பது என் கட்சி.

மறுநாள் காலை தீட்சிதர்கள் நடராஜர் சன்னிதிக் கதவைத் திறந்தால் தரையெல்லாம் களி. நான்கு கை இருக்கிறது, உலகத்தையே ஆட்டுவிக்கிறவர், ஒரு கவளம் களியைச் சிந்தாமல் தின்னத் தெரியவில்லை. பக்கத்திலேயே நிற்கும் சிவகாமியம்மை என்ன சொன்னாரோ, அது எந்தப் புராணத்திலும் இல்லை. ராஜாவின் கனவில் போய், "நேற்று சேந்தன் வீட்டில் களி சாப்பிட்டேன்" என்று சுவாமியே சொன்னாராம். அரண்மனை நைவேத்தியம் வரிசை கட்டி நிற்க, பக்கத்துத் தெருக் களியைப் பற்றி ராஜாவிடமே சிலாகிப்பது சாதாரண தைரியமில்லை. பிறகு மழைச் சேற்றில் தேர் நின்றுபோக, சேந்தனார் பல்லாண்டு பாட, தேர் நகர்ந்தது. அந்தத் திருப்பல்லாண்டு ஒன்பதாம் திருமுறையில் இருக்கிறது. களியின் செய்முறை அதில் இல்லை.

செய்முறை இல்லாததால் வந்த வினையைக் கேளுங்கள். ஒன்றுமில்லாத நாளில் கிண்டிய களி, மார்கழித் திருவாதிரைக்கு இன்று ஒரு பரீட்சையாகிவிட்டது. பச்சரிசியைச் சிவக்க வறுத்து ரவையாக உடைக்க வேண்டும், பாசிப்பருப்பு வேண்டும், வெல்லத்தைக் கரைத்துக் கல்மண் போக வடிகட்ட வேண்டும், நெய், தேங்காய், ஏலக்காய். தொட்டுக்கொள்ள ஏழுகறிக் கூட்டு. பரங்கிக்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு எல்லாம் அதில் விழும். இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. சேந்தனார் கண்ணால்கூடப் பார்த்திருக்க முடியாது. முந்திரியும் அப்படித்தான், பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. பண்ருட்டிப் பக்கத்து மாப்பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். முந்திரி இல்லாத களிக்கு அவர் கையே நீட்டமாட்டார், சுவாமி நீட்டினார்.

களி கிண்டுகிறவர்களுக்குள் ஒரு பழைய தகராறு உண்டு: வெல்லம் முன்னாலா, பின்னாலா? வெல்லத் தண்ணீர் கொதிக்கும்போதே ரவையைக் கொட்டுவது ஒரு கட்சி. ஒன்றுக்கு இரண்டரை, மூன்று பங்கு வெறும் தண்ணீரில் ரவையை வேகவிட்டு, பிறகு வெல்லம் சேர்ப்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. இனிப்பு முந்திக்கொண்டால் அரிசி வேகாமல் விறைத்துக்கொள்ளும். பல்லில்லாத தாத்தாக்கள் பாவம்.

இந்த நேரத்தில் வெள்ளைக்காரன் வருகிறான். 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். பின்னாளில் அமெரிக்காவில் பல்கலைக்கழகத்துக்கே பெயராகிப்போனவர். கோட்டையோடு எவ்வளவு நிலம் என்பதற்கு ஒரு கணக்கு வைத்தார்கள்: பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம். சுட்டார்கள்; விழுந்த இடம் வரைக்கும் எங்களுடையது என்றார்கள். குண்டுக் கிராமங்கள் என்றே பெயர் நிலைத்தது. குண்டுக்குப் பதிலாகத் தாளிப்பு வாசனை போகிற தூரத்தைக் கணக்கு வைத்திருந்தால் கடலூர் ஆச்சிமார்கள் விழுப்புரம் வரை பிடித்திருப்பார்கள். அந்தக் கோட்டையை 1758-ல் பிரெஞ்சுக்காரர் லாலி வந்து பிடித்து இடித்துத் தள்ளினார். இத்தனை அமர்க்களத்திலும் இரண்டு தரப்பும் இந்த ஊருக்கு ஒரு துவையல்கூட விட்டுப்போகவில்லை.

சிதம்பரம் கொத்சு மட்டும் எந்தப் படையெடுப்பிலும் தோற்கவில்லை. கோயிலில் மிளகும் சீரகமும் நெய்யும் மணக்கும் சம்பா சாதத்துக்கு இது ஜோடி. வெளியே ஓட்டலில் இட்லிக்கு ஜோடி. கத்தரிக்காயைச் சுட்டு மசிப்பதா, நல்லெண்ணெயில் வதக்கிக் கடைவதா என்று கேட்டால் நான்கு வீதியிலும் நான்கு பதில். வெங்காயம்? கோயில் மடைப்பள்ளிக்குள் அது வராது. ஓட்டல்காரர் சின்ன வெங்காயம் இல்லாமல் அடுப்பைப் பற்றவைக்கமாட்டார். தனியா, கடலைப்பருப்பு, மிளகாய் வற்றலை வறுத்து அரைத்த பொடிதான் உயிர் என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்று. அந்தப் பொடியின் பக்குவத்தைக் கேட்டு வாங்குவதுதான் கஷ்டம். இந்த ஊர் மாமிகளும் ஆச்சிகளும் கேட்டதும் சொல்லிவிடுவார்கள். ஒரு சாமானை மட்டும் விட்டுவிட்டுச் சொல்வார்கள். நாம் வீட்டுக்கு வந்து செய்து பார்த்து, "உங்களுது மாதிரி வரலையே" என்று திரும்பிப் போய் நிற்க வேண்டும். அதற்குத்தான் அந்த ஏற்பாடு.

ஒளிக்காமல் எல்லாவற்றையும் எழுதி வைத்தவர் ஒருவர்தான். 1823-ல் சிதம்பரம் பக்கத்து மருதூரில் பிறந்த ராமலிங்க அடிகள். தினசரி எப்படி நடந்துகொள்வது என்று அவர் எழுதிய விதிகளில் பாதி சமையல் குறிப்பு. புளியும் மிளகாயும் சிறிதே போடு, மிளகு சீரகம் தாராளமாகப் போடு, உப்பைக் குறை, கடுகு அவசியமில்லை, கிழங்கில் கருணை மட்டும் போதும், தண்ணீர் வேண்டுமா, வெந்நீராகக் குடி, கரிசலாங்கண்ணி, தூதுவளை சாப்பிடு. படித்தவர்கள் பரவசமாகத் தலையாட்டிவிட்டு நேரே போய்ப் புளியைக் கரைத்தார்கள். இந்தப்படி நடந்தால் ஏழுகறிக் கூட்டு இரண்டு கறியாகிவிடும், கொத்சு என்று ஒன்று இருக்கவே இருக்காது. அவர் காட்டிய ஜோதியைக் கும்பிடுவதற்கு ஆள் இருக்கிறது. கடுகைத் துறப்பதற்கு ஆள் இல்லை.

ஆனால் மனிதர் குறிப்பு எழுதியதோடு நிற்கவில்லை. 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமசாலையைத் திறந்து, 21 அடி நீள அடுப்பில் நெருப்பு வைத்தார். பசி என்று வந்தவர் என்ன ஜாதி, எந்த ஊர் என்று கேட்காமல் மூன்று வேளையும் சாப்பாடு. ஒருநாள் அரிசி தீர்ந்துபோய் நிர்வாகி கையைப் பிசைந்தாராம். நாளைக்கு வரும் என்று சொல்லிவிட்டுப் போனார் அடிகள். மறுநாள் வண்டி வண்டியாக வந்து இறங்கியது என்கிறார்கள். இப்படி நிம்மதியாக ஒரு முதலாளி பேசினால் எந்த மேனேஜருக்கும் ரத்தக்கொதிப்பு வரும்.

இதற்கு நடுவில் அவர் பாட்டு அருட்பாவா மருட்பாவா என்று ஒரு சண்டை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சிதம்பரத்தில் பள்ளிக்கூடம் வைத்த ஆறுமுக நாவலர் எதிர்க்கட்சி. விவகாரம் 1869-ல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. இரண்டு பேரும் பெரிய படிப்பாளிகள், சுத்த சைவச் சாப்பாட்டுக்காரர்கள். பக்கத்துப் பக்கத்தில் இலை போட்டிருந்தால் வக்கீல் செலவு மிச்சமாகியிருக்கும் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

1874-ல் அடிகள் மேட்டுக்குப்பத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு வருஷத்தில் தாது வருஷப் பஞ்சம் வந்து சென்னை ராஜதானியையே சுருட்டிப் போட்டது. கோட்டை போச்சு, கம்பெனி போச்சு, லாலி தலையும் பாரிசில் போச்சு. வடலூர் அடுப்பு மட்டும் அணையவில்லை. இன்றைக்கும் அதே நெருப்புத்தான் என்கிறார்கள், சோறு கொதித்துக்கொண்டிருக்கிறது.

அந்தப் பக்கம் போகிறவர்கள் உட்கார்ந்து சாப்பிடுங்கள், வெட்கப்பட வேண்டாம். போகும்போது ஒரு சிப்பம் அரிசியோ ஒரு கூடை கத்தரிக்காயோ எடுத்துப் போங்கள், தினமும் தேவைப்படுகிறது. ராத்திரிக்குப் பார்சல் மட்டும் கேட்காதீர்கள்.