ஓநாய் வைத்தியர்

துக்கப்படுகிறவர் வாய் திறந்து இரண்டாம் வாக்கியத்தை முடிப்பதற்குள், "இதே மாதிரிதாங்க அந்தக் கதையிலயும்" என்று குறுக்கே புகுந்து, பௌர்ணமி இரவில் ஓநாயாக மாறும் இளைஞன் ஒருவனின் காதலைச் சொல்லி அவருடைய மனப்புண்ணை ஆற்ற முற்படும் பெரியவரைத் திருத்துறைப்பூண்டியில் அறியாதார் இலர். ஆறுதல் சொல்லியே தீருவது என்று பிறந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஒருவர் திருக்குறளைத் தருவார், ஒருவர் நடைப்பயிற்சியைப் பரிந்துரைப்பார், ஒருவர் தம் மைத்துனருக்கு இதைவிடப் பெரிய இழப்பு நேர்ந்ததை எடுத்துக்காட்டுவார். இவர் கொடுப்பது ஓநாய். கூட்டுறவுச் சங்கத்திலோ பள்ளி அலுவலகத்திலோ எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றிருப்பார் என்பதும், காலைத் தேநீரைக் கடையில்தான் குடிப்பார் என்பதும், செய்தித்தாளைத் தம் காசில் வாங்கமாட்டார் என்பதும் இவ்வயதினர் பலர்க்கும் பொதுவாதலின் அவற்றை விரிக்க வேண்டியதில்லை. ஆராயத்தக்கது அந்த ஓநாய் ஒன்றே.

இவர் கையாளும் இலக்கிய வகைக்கு அமானுஷ்யக் காதல் கதை என்று பெயர். அதாவது காதலர் இருவருள் ஒருவராவது முழு மனிதராக இல்லாதிருப்பதும், அதனால் பெற்றோர் எதிர்ப்பு என்னும் பழைய தடையின் இடத்தில் உயிரின வேறுபாடு என்னும் புதிய தடை வந்து அமர்வதும் அதன் இலக்கணம். முன்பு மாத நாவலாகப் பேருந்து நிலையக் கடைகளில் கிளிப்பு மாட்டித் தொங்கிய காதல் கதை இப்போது கைப்பேசிச் செயலிகளில் பாகம் பாகமாக வெளிவருகிறது. 2014இல் தொடங்கப்பட்ட பிரதிலிபி அவற்றுள் தமிழர் நன்கு அறிந்தது. இவர் போற்றும் கதையில், நிச்சயித்த மாப்பிள்ளையால் கைவிடப்பட்ட பெண்ணொருத்தி மலைத்தோட்டம் ஒன்றுக்கு வேலைக்குச் செல்கிறாள். அத்தோட்டத்தின் முதலாளி பகலில் கோட்டு அணிந்தவனாகவும் பௌர்ணமி இரவில் ஓநாயாகவும் இருக்கிறான். முந்நூறு வயதாகியும் இருபத்தெட்டே மதிக்கத்தக்க தோற்றமுடைய அவன், அவளைத் தன் ‘விதித்த இணை’ என்று, அதாவது ஓநாய்க் குல வழக்கப்படி தனக்கெனப் பிறப்பிலேயே குறிக்கப்பட்டவள் என்று, மோப்பத்தாலேயே அறிகிறான். ஜாதகம் பார்க்கும் செலவு மிச்சம். பிறகு அவளுடைய உடைந்த நெஞ்சைச் சிறிது சிறிதாக ஆற்றுகிறான். எத்தனையாவது பாகத்தில் அது முழுதும் ஆறும் என்பதை அக்கதையை எழுதுபவரே இன்னும் முடிவு செய்யவில்லை என்று தெரிகிறது.

இக்கதையைப் படித்து இவர் தமக்குள் மகிழ்ந்திருந்தால் எவர்க்கும் இடையூறு இல்லை. அதை மருந்தாக வழங்கப் புறப்பட்டதே ஊருக்கு நேர்ந்த சோதனை. அம்மருத்துவ முறை நான்கு படிகள் கொண்டது. முதலாவது மோப்பம்: துக்கம் நிகழ்ந்த வீட்டை, பந்தல்காரர் மூங்கிலை இறக்குமுன் கண்டடைந்து திண்ணையில் இடம்பிடித்தல். இரண்டாவது இடைமறிப்பு: நோயாளி தன் நோயைச் சொல்லி முடித்துவிட்டால் மருந்து பொருந்தாமற் போகக்கூடும் என்பதால் அவரைச் சொல்லவிடாமல் தடுத்தல். மூன்றாவது பொருத்துதல்: எதிரே இருப்பவருடைய துன்பம் எதுவாயினும் அது கதையின் ஏதோ ஒரு பாகத்தில் முன்பே நிகழ்ந்துவிட்டது என்று நிறுவுதல். நான்காவது தொங்கல்: கதாநாயகன் பாதி மனிதனாகவும் பாதி ஓநாயாகவும் நிற்கும் இடத்தில் கதையை நிறுத்தி, "மீதி நாளைக்கு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துபோதல்.

இவருடைய மேதைமை வெளிப்படுவது மூன்றாம் படியில். காதலில் தோற்றவனிடம் காதல் கதை சொல்லுதல் யார்க்கும் எளிது. ஆனால் காவிரிப் படுகையின் கடைமடையில், அதாவது ஆற்றுநீர் கடைசியாக வந்துசேர்ந்து முதலாவதாக நின்றுபோகும் வயற்பகுதியில், நெஞ்சு உடைவதற்குக் காதல் மட்டுமே காரணம் அன்று. ஜூன் 12 அன்று திறக்கப்பட வேண்டிய மேட்டூர் அணை திறக்கப்படாமற் போகலாம். திறந்தும் தண்ணீர் கடைமடையை எட்டாமற் போகலாம். எட்டிய தண்ணீரில் விளைந்த சம்பா அறுவடை நேரத்து மழையில் சாயலாம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில், அதாவது உழவரிடமிருந்து அரசு நெல்லை நேராக வாங்கும் களத்தில், ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேற்படின் எடுப்பதில்லை என்பது பொது விதியாதலால், நனைந்த நெல்லின்மேல் தார்ப்பாயைப் போர்த்திவிட்டு வானத்தைப் பார்த்துக் காத்திருக்கும் உழவர்க்குப் பக்கத்தில் இவர் வந்து குந்துகிறார்.

"நெல்லு நனைஞ்சா நனையட்டும் தம்பி. அந்தப் பொண்ணும் இப்படித்தான் மழையில நனைஞ்சுகிட்டு நிக்கிறா. அப்பத்தான் ஓநாய் வருது."

"ஓநாய் வந்து ஈரப்பதத்தைக் கொறைக்குமா மாமா?"

"அவசரப்படாத. அது இருபத்தேழாம் பாகத்துல வரும்."

இதன்பின் அவ்வுழவர் எழுந்துசென்று, காயவேண்டிய அவசியமே இல்லாத நெல்லையும் சேர்த்துக் கிளறத் தொடங்கிவிடுகிறார் என்பதால், இந்த மருந்து வேலை செய்வதில்லை என்று எவரும் கூறிவிட இயலாது. துக்கத்தில் இருந்தவர் தப்பிக்கும் வழி தேடுபவராக மாறுகிறார். அதுவும் ஒருவகை உருமாற்றமே. இருசக்கர வண்டியைத் திருட்டில் பறிகொடுத்தவர், தேர்வில் தவறிய மாணவர், பல் பிடுங்கிக்கொண்டு பஞ்சைக் கடித்தபடி வந்து மறுத்துப் பேசவும் இயலாதவர் ஆகிய அனைவரும் இதே மருந்தை இதே அளவில் பெற்றிருக்கிறார்கள். மருந்து இரயிலிலும் ஏறியது. 2023 ஏப்ரலில் அகலப் பாதையாகத் திறக்கப்பட்ட திருத்துறைப்பூண்டி அகஸ்தியம்பள்ளி இருப்புப்பாதையின் நீளம் 37 கிலோமீட்டர். ஓடும் இரயிலிலிருந்து நோயாளி இறங்கிப்போக முடியாது என்பதை உணர்ந்துகொண்ட இவர், வேலை ஏதுமின்றியே அதில் போய்வரத் தொடங்கியதும், வேதாரண்யத்துக்குச் சீட்டு வாங்கியவர்கள் முன்னதாகவே தோப்புத்துறையில் இறங்கிக்கொண்டதும் அவ்வழிப் பயணிகள் அறிந்தவை. இழவு வீட்டிலோ இவர் இன்னும் ஒருபடி மேலே செல்வார். பாட்டியை இழந்து அழுத சிறுமி ஒருத்தியிடம், "பாட்டி எங்கயும் போகலம்மா, உருவம்தான் மாறியிருக்காங்க" என்று இவர் சொல்லப்போக, அவள் அன்றுமுதல் வாசலுக்கு வந்த தெருநாயைப் பாட்டி என்று அழைத்துப் பிஸ்கட் கொடுத்ததும், நாய் நாளடைவில் கூடத்தில் வந்து படுத்ததும், சிறுமியின் தாய் நாயை அனுமதித்து இவரை மட்டும் வாசலோடு நிறுத்தியதும் அத்தெருவில் இன்றும் பேசப்படுகின்றன.

ஓநாய் நெல் வயலில் காணக்கிடைக்காத பிராணி, அருகிலுள்ள முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் இருப்பது நரிதானே என்று எவரேனும் மறுத்தால், "நரின்னா கம்பீரம் வராது தம்பி" என்று அதைத் தள்ளிவிட்டு, இவர் தம் புலமையை விரிப்பார். அப்புலமையை எளிதாக மறுத்துவிட முடியாது என்பதே இதில் உள்ள தொல்லை. முருகன் வள்ளியை அடைவதற்கு வேடனாகவும் வேங்கை மரமாகவும் விருத்தனாகவும் வந்ததைக் கந்தபுராணம் விரிக்கிறது. காவிரியின் வெள்ளத்தால் தாய் வந்துசேர இயலாது தவித்த கருவுற்ற பெண்ணுக்குச் சிவபெருமானே தாய் உருவில் வந்து பேறுகாலம் பார்த்ததால் திருச்சிராப்பள்ளி மலைமேல் தாயுமானவர் என்னும் பெயர் நிலைத்தது. கதிரவனின் வெம்மை தாங்காமல் அவன் மனைவி சஞ்ஞை பெண்குதிரையாக மாறிப் பிரிந்துபோக, அவனும் குதிரையாகித் தேடிச் சென்று கூடியதன் பயனாகப் பிறந்த இரட்டையரே அசுவினி தேவர்கள். அவர்கள் தேவர்களின் வைத்தியர்கள். அசுவினி நட்சத்திரத்துக்குரிய தலமாகப் போற்றப்படுவது திருத்துறைப்பூண்டிப் பிறவி மருந்தீசுவரர் கோயில். பிறவி என்னும் நோயையே தீர்க்கும் மருந்தாக இறைவன் அங்கே வணங்கப்படுகிறான். ஆகவே, உருமாறிய காதலரும் மருந்தும் ஒன்றுகூடிய ஊரில் பிறந்த ஒருவர் உருமாறும் காதலனை மருந்தாகக் கொடுப்பது மரபுக்கு உட்பட்டதே என்று இவர் முடிக்கும்போது, கேட்டவர் தம் தேநீருக்கும் இவருடைய தேநீருக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போவார்.

தம் கொள்கைக்கு மாறான சான்றுகளை இவர் நடத்தும் விதம் தனி. 1979இல் வெளிவந்த ‘நீயா’ திரைப்படத்தில், நினைத்த உருவெடுக்கவல்ல நாகப்பெண் தன் இணையைக் கொன்றவர்களைப் பழிவாங்குகிறாளேயன்றி எவர் நெஞ்சையும் ஆற்றுவதில்லை என்று சுட்டிக்காட்டினால், பாம்புக்கு ஆற்றத் தெரியாது, கொத்தத்தான் தெரியும் என்பார். ஸ்டெஃபனி மேயர் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 2006இல் வெளியிட்ட ‘நியூ மூன்’ நாவலில் காதலன் பிரிந்துபோனதால் நொறுங்கிப்போன பெண்ணை ஓநாயாக மாறும் இளைஞனே தேற்றுகிறான் என்று கேள்விப்பட்டு முதலில் பூரித்தவர், தேறிய பெண் அத்தொடரின் முடிவில் பழைய காதலனையே மணந்துகொள்கிறாள் என்று அறிந்தபின், "வெள்ளக்காரங்களுக்கு ஓநாயோட அருமை தெரியாதுங்க" என்று அந்நாட்டு இலக்கியத்தையே கைவிட்டார்.

இவர் காட்டும் சான்றுகளில் மிக வலியதாகிய திருமூலர் வரலாறோ இவருக்கே எதிராக நிற்கிறது. கயிலையிலிருந்து தெற்கே வந்த சிவயோகி ஒருவர், திருவாவடுதுறைக்கு அருகே சாத்தனூரில் மூலன் என்னும் இடையன் இறந்துகிடப்பதையும் அவன் மேய்த்த பசுக்கள் சுற்றிநின்று கதறுவதையும் கண்டு, கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்னும் சித்தினால், அதாவது தம் உடலை ஓரிடத்தில் வைத்துவிட்டு உயிரைப் பிறிதோர் உடலில் செலுத்தும் ஆற்றலால், மூலன் உடலில் புகுந்து எழுந்தார் என்றும், பசுக்கள் துயர் நீங்கி மகிழ்ந்தன என்றும் சேக்கிழாரின் பெரியபுராணம் கூறுகிறது. உருமாறி வந்து உடைந்த நெஞ்சை ஆற்றியதற்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழில் வேறு இல்லை. இவர் அதை உருக்கமாகவே சொல்வார். ஆனால் அன்று மாலை பசுக்கள் வீடு சேர்ந்தபின் மூலனின் மனைவி கணவனைத் தேடி வந்ததையும், எனக்கும் உனக்கும் உறவில்லை என்று அவர் விலகியதையும், அவள் அந்த இரவைத் தூக்கமின்றிக் கழித்ததையும் இவர் சொல்வதில்லை. பசுக்களுக்குக் கிடைத்த ஆறுதல் அவளுக்குக் கிடைக்கவில்லை.

இவர் வீட்டிலும் அதே நிலை. முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறித் துணி உலர்த்தும் மனைவி, எரிவாயு உருளை தீர்ந்ததைச் சொல்வதற்காக இருமுறை கூப்பிட்டும், இவர் கைப்பேசியிலிருந்து தலை நிமிர்வதில்லை; அப்போது ஓநாய் ஒருத்தியின் கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருக்கும். குடித்த தம்ளரைக் கழுவி வைக்கும் கதாநாயகன் எந்தப் பாகத்திலும் வராததால் அச்செயல் இவருக்குத் தெரியாமலே போய்விட்டது. "ஊரு சனத்துக்கெல்லாம் ஓநாயா போயி ஆறுதல் சொல்றாரு, வீட்டுக்கு மட்டும் ஒரு மனுசனா வரமாட்டேங்கிறாரு" என்று அவ்வம்மாள் கொல்லைப்புறத்தில் பக்கத்து வீட்டாரிடம் சொன்னது வேடிக்கைக்காக அன்று. பிறர் துன்பத்தில் இவர்க்குள்ள ஈடுபாடு கதை சொல்ல வாய்ப்புக் கிடைக்கும் வரையில்தான் என்பதையும், எதிரே இருப்பவர் என்ன இழந்தார் என்று ஒருநாளும் முழுதாகக் கேட்டறிந்ததில்லை என்பதையும் மறைத்துப் பயனில்லை. இது குற்றம், இதற்கு வயதோ நல்லெண்ணமோ சமாதானம் ஆகாது.

எனினும் ஒருமுறை இவர் மெய்யாகவே வைத்தியராக இருந்தார். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, இப்பகுதியின் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்களும் விழுந்ததால் பல ஊர்கள் நாட்கணக்காக இருளில் கிடந்தன. ஜெனரேட்டர் வைத்திருந்தவர் வாசலில் கைப்பேசிகள் முறைவைத்துக் காத்திருந்த அந்நாட்களில் இவருடைய கைப்பேசி அணைந்துபோக, ஓநாயும் அதனுள்ளேயே அடைபட்டது. பிள்ளையைப் படிக்கவைத்த மரங்கள் என்று ஒவ்வொன்றையும் காட்டி ஒரு தோப்புக்காரர் சொல்லிக்கொண்டே நடக்க, இவர் கூடவே நடந்தார்; இடைமறிக்கவில்லை; அடுத்த பாகம் என்ன என்று தெரியாததால் எதையும் எதனோடும் பொருத்தவில்லை. இரண்டு பொழுதுகள் பேசித் தீர்த்தபின் அத்தோப்புக்காரர் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க வந்து ஒக்காந்ததே போதும்ணே" என்றார். மின்சாரம் திரும்பிய அன்று மாலையே, "எங்க விட்டேன்?" என்று இவர் தொடங்கிவிட்டார் என்பதும் உண்மை.

இதிலிருந்து பெறப்படுவது இவ்வளவே: துக்கப்படுகிறவருக்கு ஓநாயும் வேண்டா, நாகமும் வேண்டா, முந்நூறு வயது முதலாளியும் வேண்டா, சொல்வதை இறுதிவரை கேட்கும் ஒருவர் அருகில் இருந்தால் போதும், இவரும் அப்படி இருக்கக்கூடியவரே. ஆதலால், உங்கள் வீட்டுத் துக்கத்துக்கு இவர் வந்தால் விரட்டாதீர்கள். பாய் போட்டு உட்காரவைத்து, காபியும் கொடுங்கள். சார்ஜர் கேட்டால் மட்டும் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.