முடவாட்டுக்கால் சூப்பும் முழங்காலும்: ஓர் உருவவியல் ஆய்வு

கொல்லிமலையின் வாசலூர்பட்டிப் படகு இல்லத்துக்கு வருகிறவர் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் வண்டியிலேயே கடக்கிறார். வந்து சேர்ந்ததும் படகில் உட்கார்ந்தபடி ஏரியைச் சுற்றுகிறார். இதுவரை அவருடைய முழங்காலுக்கு வேலையே இல்லை. ஆனாலும் திரும்பும் வழியில் சாலையோரக் கடையில் வண்டியை நிறுத்தி, ‘மூட்டுக்கு நல்லதாம்’ என்று ஒரு டம்ளர் முடவாட்டுக்கால் சூப் குடிக்கிறார். அறிவுலகம் இதைக் கண்டுகொள்ளாததால் இக்கட்டுரை அவசியமாயிற்று.

ஆய்வுப் பொருளைப் பற்றி முதலில். முடவாட்டுக்கால் என்பது பாறையிலும் மரத்திலும் பற்றி வளரும் ஒரு பெரணியின் தண்டு. கிழங்கு என்றுதான் விற்கிறார்கள், தாவரவியலார் ஒப்புக்கொள்வதில்லை. பழுப்பு ரோமம் போர்த்திய அதைப் பார்த்தால் கசாப்புக் கடை ஆட்டுக்காலேதான். ரோமத்தைச் சீவி, நசுக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் சேர்த்துக் கொதிக்கவிட்டால் ‘சைவ ஆட்டுக்கால் சூப்’. கொல்லிமலை மிளகு விழுந்தால் எந்தத் தண்டும் ருசிக்கும் என்பது என் துணிபு. மறுப்பவர்கள் இன்னொரு டம்ளர் குடித்துவிட்டு எழுதலாம்.

கோட்பாடு எளியது: ஆட்டுக்கால் மனுசன் காலுக்கு நல்லது, இது ஆட்டுக்கால் மாதிரி இருக்கிறது, ஆகவே இதுவும் நல்லது. 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மருத்துவர் பாராசெல்சஸும் ஏறக்குறைய இந்தக் கட்சிதான். சிக்கல் என்னவென்றால், முதல் வாக்கியமே நொண்டுகிறது. ஆட்டுக்காலின் கொலாஜனை வயிறு அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் உடைத்துவிடுகிறது. முழங்காலுக்கு என்று முகவரி எழுதி அனுப்ப வழியில்லை. பெரணியிலோ கொலாஜனே கிடையாது. நியாயமாகச் சொன்னால், இதன் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது வீக்கமும் வலியும் குறைந்ததுண்டு. ஆனால் எலிகள் குடித்தது செறிவான சாறு. நமக்கு வாய்த்தது மிளகுத் தண்ணீர்.

இக்கோட்பாட்டுக்கு நிறக் கிளை ஒன்றும் உண்டு: பீட்ரூட் சிவப்பு, ரத்தமும் சிவப்பு. 100 கிராம் பீட்ரூட்டில் இரும்பு 1 மில்லிகிராம்கூடத் தேறாது; முருங்கைக்கீரையில் 4 மில்லிகிராமுக்கு மேல். பச்சையாகப் பிறந்தது முருங்கையின் குற்றம்.

உருவம் வாய்க்காததால் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது கேழ்வரகு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி, 100 கிராம் கேழ்வரகில் சுமார் 364 மில்லிகிராம் கால்சியம். தீட்டிய அரிசியில் எட்டைத் தொடவில்லை. இம்மலையின் மலையாளிப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகக் களி கிண்டிச் சாப்பிட்டது கேழ்வரகைத்தான். பிறகு சேகோ ஆலைக்குப் போகும் மரவள்ளி வந்து சிறுதானியக் காடுகளைப் பிடித்துக்கொண்டது. சுற்றுலா வருகிறவரும் கேழ்வரகைத் தேடுவதில்லை. அது கடுகு மாதிரி இருக்கிறது. கடுகு மாதிரி வலிக்கிற உறுப்பு எதுவும் நம்மிடம் இல்லை.

எனவே இவ்வாய்வின் பரிந்துரை: களியை உருண்டை பிடித்ததும் உள்ளங்கையால் லேசாகத் தட்டி, முழங்கால் சில்லு வடிவத்துக்குக் கொண்டுவந்து, சூப் கடைக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். இடது, வலது என்று ஜோடியாக மட்டுமே விற்க வேண்டும்.