மூன்றரை மணி ரசிகர்

திருவனந்தபுரத்தில் விடிகாலை மூன்றரை மணிக்கு இரண்டு நடைகள் திறக்கின்றன. ஒன்று, பத்மநாப சுவாமி கோயிலில், நிர்மால்ய தரிசனத்துக்கு. மற்றொன்று சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில், தென் அமெரிக்கக் கிளப் கால்பந்துப் போட்டியான கோபா லிபர்டடோர்ஸ் ஆட்டத்துக்கு. புவனஸ் ஐரிஸில் ராத்திரி ஏழு மணி என்றால் நமக்கு மறுநாள் காலை மூன்றரை. வீட்டம்மா ஈரத்தலையோடு கோயிலுக்குப் புறப்படுகிற நேரம், அண்ணாச்சி லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு லேப்டாப்பைத் திறக்கிறார். அங்கே மூன்று வாசல் வழியாகப் பெருமாளின் அனந்த சயனம். இங்கே பெனால்டி கட்டத்துக்குள் ஒரு சென்டர் ஃபார்வர்டின் சயனம். யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. ஆனால் தன் அணி ஒரு கோல் முன்னால் இருக்கிறவரை அவர் எழுந்திருக்கப் போவதில்லை.

வீட்டம்மா பிரசாதத்தோடு திரும்பி வந்து, "யாரு ஜெயிச்சா?" என்று கேட்பார்.

"இன்னும் படுத்துதான் கெடக்கான்."

அண்ணாச்சியை உலகக்கோப்பை ரசிகர்களோடு சேர்த்துவிடக் கூடாது. கோபம் வரும். நாலு வருஷத்துக்கு ஒருமுறை பிரேசில் கட்சி, அர்ஜென்டினா கட்சி என்று கேரளமே பிரிந்து கொடி கட்டுமே, அந்த மாதத்தில் இவர் தெருவில் தலைகாட்ட மாட்டார். 2022இல் கோழிக்கோட்டுப் பக்கம் புள்ளாவூரில் ஆற்றில் மெஸ்ஸிக்கும் நெய்மருக்கும் ராட்சத கட்-அவுட் வைத்த படத்தைக் கடைப் பையன் காட்டினான். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். "மெஸ்ஸி லிபர்டடோர்ஸ்ல ஒரு ஆட்டமாவது ஆடிருக்கானாலே?"

ஆடவில்லைதான். 13 வயதில் ரொசாரியோவை விட்டு பார்சிலோனாவுக்குப் போனவர். அண்ணாச்சியின் கணக்கில் அது ஓடிப்போனதோடு சேரும். நெய்மருக்குப் பாதி மன்னிப்பு உண்டு. 2011இல் சாண்டோஸுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பிறகுதான் ஐரோப்பாவுக்கு விமானம் ஏறினார். பெலே? 1962, 1963 என்று இரண்டு தடவை. அவர் பெயரைச் சொல்லும்போது அண்ணாச்சி செருப்பைக் கழற்றாததுதான் பாக்கி.

கடையில் வத்தல் மிளகாய் மொத்த வியாபாரம். மூடைக்கு நடுவே உட்கார்ந்து அண்ணாச்சி தூண்டில் போடுகிற அழகே தனி. "கேட்டேரா, பார்சிலோனா தோத்துட்டு" என்பார், யாரையும் பார்க்காமல். கணக்கப்பிள்ளை பேனாவை வைத்துவிடுவார். லோடு இறக்குகிறவர் பாதி மூடையோடு நிற்பார். "யாருகிட்ட அண்ணாச்சி? நேத்து ஆட்டமே இல்லையே!" இந்தக் கேள்விக்காகத்தான் மனிதர் ஐந்து நிமிஷம் காத்திருந்தார். "குவாயாகில் பார்சிலோனாவே. ஈக்வடார்ல இருக்கு." லிவர்பூல் என்றால் மாண்டெவிடியோவில், எவர்டன் என்றால் சிலியில். பொலிவியாவில் ஆல்வேஸ் ரெடி என்றே ஒரு கிளப் இருக்கிறது. அண்ணாச்சி அதைச் சொன்ன அன்று, தின்னவேலியிலிருந்து வந்த வியாபாரி ஏதோ புது இட்லி மாவு என்று நினைத்து ஏஜென்சி விவரம் கேட்டார்.

பொலிவியா பேச்சு வந்தால் மலையும் வரும். லா பாஸ் மைதானம் 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. "நம்ம அகத்தியர்கூடத்துக்கு மேல இன்னொரு அகத்தியர்கூடத்தத் தூக்கி வையும். அங்க பந்து ஆடணும். மூச்சு கிடைக்குமாவே?" கேட்கிறவருக்கு இங்கேயே மூச்சு வாங்கும்.

ஆறாத புண் ஒன்றும் உண்டு. 2018 இறுதிப் போட்டியில் ரிவர் பிளேட்டும் போக்கா ஜூனியர்ஸும். முதல் ஆட்டம் மழையால் ஒருநாள் தள்ளிப்போய் 2-2. இரண்டாவது ஆட்டத்துக்கு வந்த போக்கா பஸ்ஸை ரிவர் ரசிகர்கள் கல்லாலும் பாட்டிலாலும் அடிக்க, ஆட்டத்தையே தூக்கி மாட்ரிட்டுக்குக் கொண்டுபோனார்கள். ரிவர் 3-1 என்று ஜெயித்தது. அதெல்லாம் அண்ணாச்சிக்குப் பொருட்டில்லை. "ஸ்பெயின்காரன எதிர்த்துச் சண்ட போட்டவங்க நினைவுக்கு வச்ச கப்பு. அத ஸ்பெயின்லயே போயி ஆடிருக்கானுவ! வெள்ளைக்காரன எதிர்த்த வேலுத்தம்பி தளவாய் நினைவுக் கோப்பைய லண்டன்ல வச்சு நடத்துவேரா நீரு?" தலைமைச் செயலகத்து வாசலில் நிற்கிற வேலுத்தம்பி சிலையைத் தாண்டுகிறபோதெல்லாம் ஆட்டோக்காரர் இதைக் கேட்டாக வேண்டும்.

அறிவு எவ்வளவோ, ஆரூடம் அவ்வளவுக்கு மட்டம். 2024 இறுதிப் போட்டியில் முதல் நிமிஷத்திலேயே பொட்டாஃபோகோவின் கிரெகோரேக்குச் சிவப்பு அட்டை. ஃபிளாஸ்கை அப்போதுதான் திறந்திருந்தார். "முடிஞ்சுது சோலி" என்று மூடிவிட்டுப் படுக்கப் போனார். பத்துப் பேரோடு ஆடி அவர்கள் 3-1 என்று கோப்பையைத் தூக்கினார்கள். மறுநாள் கடையில் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. வத்தல் விலை பேசினார்.

அதே 2024இல்தான் வினையும் ஊருக்குள் வந்தது. சூப்பர் லீக் கேரளா தொடங்கி, திருவனந்தபுரம் கொம்பன்ஸ் என்று ஒரு கிளப், பிரேசில்காரப் பயிற்சியாளர், கூடவே சில பிரேசில் ஆட்டக்காரர்கள். சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியம் கடையிலிருந்து ஆட்டோ தூரம். இத்தனை காலம் மூன்றரை மணிக்கு மட்டும் தரிசனம் கொடுத்தவர்கள் நேரில் வந்து நிற்கிறார்கள். அண்ணாச்சி வேட்டி கட்டிக்கொண்டு போனார். கேலரியில் பக்கத்துப் பையனிடம் தன் பிரம்மாஸ்திரத்தை எடுத்தார்: "லிபர்டடோர்ஸ்ல தொடர்ந்து நாலு வருஷம் ஜெயிச்ச கிளப்பு எதுலே?"

பையன் போனில் இரண்டு விரல் ஓட்டினான். "இண்டிபெண்டியெண்டே, அங்கிளே. 1972 முதல் 75 வரை. மொத்தம் ஏழு கப்." பிறகு கொம்பன்ஸ் பிரேசில்காரர் ஒவ்வொருவரும் முன்னே எந்தெந்தக் கிளப்பில் ஆடினார் என்று, கேட்காமலேயே வாசிக்க ஆரம்பித்துவிட்டான்.

இப்போதெல்லாம் கடையில் யாராவது லிபர்டடோர்ஸ் என்றால் அண்ணாச்சி கையை உதறுகிறார். "அத இப்ப கண்டவனும் பாக்கான்வே. பராகுவே ரெண்டாம் டிவிஷன்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா ஒமக்கு?"