என் செக்குக்கும் அந்த வண்டியில் ஒரு சீட்

மேன்மைமிகு கிளை மேலாளர் ஐயா அவர்களுக்கு,

மேல்பட்டாம்பாக்கத்துச் சேமிப்புக் கணக்குக்காரன் எழுதிக்கொள்வது. நான் நலம். நான் போட்ட செக்கும் நலமாகப் போய்ச் சேர்ந்தது, சற்றே ஓய்வெடுத்துக்கொண்டு.

மகன் கடலூரில் வாடகை வீட்டைக் காலி செய்ததில் திரும்பிவந்த அட்வான்ஸ், 40,000 ரூபாய். 2025 அக்டோபர் 6, திங்கள் காலை உங்கள் கவுன்டரில் கொடுத்தேன். "இப்பல்லாம் அன்னன்னிக்கே பாஸாயிடும் சார்" என்றார்கள். பேப்பரிலும் அப்படித்தான் போட்டிருந்தது. அக்டோபர் 4 முதல் செக்குகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துவைக்காமல் வரவர ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டுமாம். பணம் கொடுக்கவேண்டிய வங்கி மாலை ஏழு மணிக்குள் வாய் திறக்காவிட்டால் மௌனம் சம்மதமாம். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட இவ்வளவு சீக்கிரம் சம்மதம் கிடைக்காது.

பணம் வந்தது 13ஆம் தேதி. நடுவில் 10ஆம் தேதி பைக் கடன் தவணை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, காசில்லை என்று திரும்பிவிட்டது. அதற்கு அபராதம் 500, ஜிஎஸ்டி 90. அன்றைக்கே எடுத்துக்கொண்டீர்கள். தவணைக்குப் போதாத கணக்கில் அபராதத்துக்கு மட்டும் அளவெடுத்தாற்போல் காசு இருந்தது, உங்கள் ராசி.

ஐயா, நான் குறை சொல்ல வரவில்லை, வியக்கிறேன். எங்கள் ஊர் ஸ்டேஷனில் பாசஞ்சர் ரயிலைக் கிராஸிங்குக்காக நிறுத்தி வைப்பதுபோல என் செக் எங்கோ நின்றிருக்கிறது. அபராதத்துக்கோ வழியெல்லாம் பச்சை விளக்கு. அதே சர்வர், அதே கம்ப்யூட்டர். அந்த வண்டியிலேயே என் செக்கையும் ஏற்றிவிடக் கூடாதா? ஸ்டாண்டிங்கில் வந்தாலும் சரி.

2026 ஜனவரி 3 முதல் செக்குக்கு மூன்று மணி நேரத்தில் பதில் என்றார்கள். டிசம்பரிலேயே ரிசர்வ் வங்கி அதை ஒத்திவைத்துவிட்டது. தேதி தவறியதற்கு யார் கணக்கிலாவது 590 பிடித்தீர்களா என்று கேட்கமாட்டேன்.

செக் தாமதமானால் நஷ்டஈடு உண்டென்று உங்கள் கொள்கை ஏட்டிலேயே இருக்கிறது. சேமிப்புக் கணக்கு வட்டிதான். இரண்டரை சதவீதத்தில் ஏழு நாளைக்கு 19 ரூபாய் 18 காசு வருகிறது. தயவுசெய்து கொடுத்துவிடுங்கள். செக்காக மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் பழைய வாடிக்கையாளன்