தோலைப் பார்த்தால் தெரியும், சூப்பைப் பார்த்தால்?

குவாங்சோ,
நவம்பர் மாதம், வெள்ளி இரவு.

அன்புள்ள மாமுவுக்கு,

  

போன வாரம் போனில் மூன்று கேள்வி கேட்டீர்கள். பாம்பு தின்கிறாயா, ஹலால் கிடைக்கிறதா, அந்த ஊர்க்காரன் ஆக்குகிற சோறு நீங்கள் போடுகிற பிரியாணி முன்னால் நிற்குமா. நான் வாயைத் திறப்பதற்குள் முமானி போனை வாங்கி, பேர்ணாம்பட்டில் ஒரு பெண் இருக்கிறது என்று ஆரம்பித்துவிட்டார்கள். சரி, எழுதி அனுப்பலாம் என்றால் வாட்ஸப் இங்கே திறக்காது. வீசாட் அங்கே 2020-லிருந்து தடை. இரண்டு அரசாங்கமும் சேர்ந்து நம்மைப் பழையபடி காகிதத்துக்கே கொண்டுவந்துவிட்டன.

பாம்பு: பாம்பு சூப் விற்கிற கடைகள் இந்த ஊரில் 2020 வரை இருந்தனவாம், அப்புறம் தடை வந்துவிட்டது. இருந்திருந்தாலும் நான் எதிர்ப்பக்க நடைபாதையில்தான் போயிருப்பேன். முதல் கேள்வி முடிந்தது.

இரண்டாவதுதான் நீளம். என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஆம்பூரில் இருக்கிற ஷூ கம்பெனிக்கு ஹீல், பக்கிள், லைனிங் எல்லாம் பார்த்து வாங்கி அனுப்புவது. இங்கே ஷூவுக்கு உள்பக்கம் ஒட்டுகிற லைனிங்கில் பன்றித்தோல் நிறைய ஓடுகிறது. நமக்கு வேண்டியது ஆடும் மாடும். சாம்பிள் கட்டில் எது கலந்திருக்கிறது என்று பிரிப்பதில் எனக்குக் கஷ்டமே இல்லை. பன்றித்தோலில் மயிர்க்கால்கள் மும்மூன்றாக, முக்கோணமாக நிற்கும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் அப்படி வராது. ஆம்பூரில் தோல் ஷாப் வாசலில் டீ விற்கிறவர்கூட விரலால் தடவிச் சொல்லிவிடுவார். ஆனால் மதியம் ஒரு மணிக்கு அதே கண்ணை வைத்துக்கொண்டு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தால், சூப் கிண்ணத்தில் எந்த மூன்று புள்ளியைத் தேடுவது?

பன்றி இங்கே தனி அயிட்டம் இல்லை மாமு. எல்லா அயிட்டத்துக்குள்ளும் சொல்லாமல் வந்து உட்கார்ந்திருக்கும். கீரை வதக்கித் தா என்றால் அந்தக் கொழுப்பில் வதக்குவார்கள். பேக்கரி பிஸ்கட்டிலும் அதே கொழுப்பு இருக்கலாம். தோஃபுதானே என்று கை வைத்தால் மேலே கொத்துக்கறி தூவியிருக்கும். என்னோடு தங்கியிருக்கிற வாணியம்பாடிப் பையன் ஒரு கடையில் இறைச்சி வேண்டாம் என்று சைகையில் சொன்னான். அந்த அம்மாள் மிகுந்த மரியாதையோடு துண்டுகளை மட்டும் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டு, குழம்பை அப்படியே ஊற்றித் தந்தார்.

தப்பிக்க வழி இரண்டு சீன எழுத்து. சிங்ஜென் என்று வாசிக்க வேண்டும். பெரும்பாலும் பச்சைப் பலகையில் இருக்கும். முன்பெல்லாம் பக்கத்தில் அரபியிலும் ஹலால் என்று எழுதியிருப்பார்களாம். 2019-ல் பெய்ஜிங்கில் கடைப் பலகைகளிலிருந்து அரபி எழுத்தை எடுக்கச் சொன்னார்கள். பிறகு வேறு ஊர்களுக்கும் அது பரவியது. மதரஸாவில் பிரம்படி வாங்கிப் படித்த அரபி கடைசியில் ஒரு பலகை படிக்கக்கூட உதவவில்லை. அந்த இரண்டு எழுத்தையும் போனில் படமாக வைத்துக்கொண்டு, கல்யாண மண்டபம் தேடுகிறவன் பத்திரிகையை நீட்டுவது மாதிரி தெருவில் காட்டிக்கொண்டு திரிகிறேன்.

அப்படித் திரிந்தால் முதலில் சிக்குவது லான்சோ நூடுல்ஸ் கடை. தெருவுக்கு ஒன்று இருக்கிறது. ஒரு கிண்ணம் சுமார் 15 யுவான், நம்ம காசில் 180 ரூபாய் என்று வையுங்கள். லான்சோ வடமேற்கில், கான்சு மாகாணத்தில் இருக்கிற நகரம். அங்கே 1915 வாக்கில் மா பாவ்ஸி என்ற முஸ்லிம் சமையல்காரர்தான் தெளிந்த மாட்டு சூப்பில் கையால் இழுத்த நூடுல்ஸைப் போட்டுப் பெயர் வாங்கினார் என்கிறார்கள். கிண்ணத்துக்கு ஐந்து லட்சணம்: சூப் தெளிவாக, முள்ளங்கி வெள்ளையாக, மிளகாய் எண்ணெய் சிவப்பாக, தழை பச்சையாக, நூடுல்ஸ் மஞ்சளாக இருக்க வேண்டும்.

இப்போது நீங்கள் ரசிக்கிற விஷயம் வருகிறது. இந்த ஊரில் லான்சோ பலகை மாட்டியிருக்கிறவர்களில் பெரும்பாலோர் லான்சோக்காரர்கள் இல்லை. பக்கத்து சிங்ஹாய் மாகாணத்தில் ஹுவாலோங் என்று ஒரு மலைப்பாங்கான வட்டாரம், விளைச்சல் குறைவு. அங்கே இருக்கிற ஹுய் முஸ்லிம்கள் 1980-களிலிருந்து குடும்பத்தோடு கிளம்பி, நாடு முழுக்கக் கடை போட்டு, லான்சோ பெயரை மாட்டிவிட்டார்கள். அசல் லான்சோக்காரனுக்கு வயிற்றெரிச்சல். இது எங்கள் சூப்பே இல்லை என்கிறான். சென்னையில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ‘ஒரிஜினல் ஆம்பூர் பிரியாணி’ என்று பலகை பார்த்து, உள்ளே எட்டிப் பார்த்து, பாசுமதி அரிசியைக் கண்டு நீங்கள் ஆட்டோக்காரரிடம் கத்தினீர்களே, அதே கத்தல்தான். ஒரு வித்தியாசம். ஹுவாலோங்காரர்கள் ஏமாற்று வேலை செய்யவில்லை. கை சுத்தம், மாவும் சுத்தம். கல்லாவில் முக்காடு போட்ட அம்மாள், மூலை மேஜையில் வீட்டுப்பாடம் எழுதுகிற பிள்ளை, அடுப்படியில் வெள்ளைத் தொப்பியோடு அப்பா. நம்ம பஜார் தெரு டிபன் கடையைப் பெயர்த்து வைத்த குடும்பம்.

அந்த அப்பா மாவை இழுப்பதைக் காசு கொடுத்துப் பார்க்கலாம். கை நீளத்துக்கு இழுத்து, இரண்டாக மடித்து, மறுபடி இழுத்து. எட்டு மடிப்பில் 256 இழை. மெல்லிசு வேண்டுமா, பட்டை வேண்டுமா என்று முதலிலேயே கேட்டுவிடுவார். தலைமயிர் கனத்திலிருந்து பெல்ட் அகலம் வரைக்கும் சைஸ் உண்டு. மாவு ஜவ்வாக இழுபட ஒரு பாலைவனச் செடியை எரித்த சாம்பலைக் கரைத்துச் சேர்ப்பது பழைய முறை. இப்போது அதற்கும் பொடி பாக்கெட் வந்துவிட்டது. குறை ஒன்றே ஒன்று. மேலே வைக்கிற மாட்டிறைச்சித் துண்டு. ஷேவிங் மெஷினில் 0.8 மில்லிமீட்டருக்கு ஓட்டின மாதிரி இருக்கிறது. அதைச் சீவின ஆளை நம்ம ஊர் டேனரியில் விட்டால் மூன்று ஆள் வேலையை ஒருத்தராகப் பார்ப்பார்.

வேலை நிமித்தம் நான் அடிக்கடி போகிற தெரு ஹாவ்பான். ஷூ சாமான் தெரு. ஹீல், ஐலெட், இன்சோல், பசை டப்பா என்று கடை கடையாக. அந்தத் தெருவிலேயே மிங் ராஜாக்கள் காலத்துப் பள்ளிவாசல் ஒன்று நிற்கிறது. இடது கையில் ஹீல் சாம்பிள், வலது கையில் தொப்பி என்று நான் நடந்து போவதைப் பார்த்தால் அம்மி ஊரை விட்டுப் போனதாகவே நினைக்க மாட்டார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் குவாங்தா சாலையில் ஹுவாய்ஷெங் பள்ளி. அதன் மினாரா 36 மீட்டர், வழவழவென்று வெள்ளைத் தூண். பழைய காலத்தில் உச்சியில் விளக்கேற்றி முத்து ஆற்றில் வருகிற கப்பல்களுக்குக் கலங்கரை விளக்கமாகவும் வைத்திருந்தார்களாம். ஆற்றில் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிறது மாமு. பாலாறு நினைவு வந்தால் கண்ணைத் திருப்பிக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமைதான் எனக்கு ஈத். ஜுமுஆவுக்கு ஜீஃபாங் வடக்குச் சாலையில் இருக்கிற சியான்சியான் பள்ளிக்குப் போவோம். அங்கே ஒரு பழைய கபுர் இருக்கிறது. ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களுடையது என்று இந்த ஊரார் நம்புகிறார்கள். வரலாறு படித்தவர்கள் அவர் மதீனாவில் அடக்கமானார் என்பார்கள். நான் விவாதத்துக்குப் போகவில்லை, ஃபாத்திஹா ஓதிவிட்டு வந்தேன். நைஜீரியாக்காரர், ஏமன்காரர், பாகிஸ்தானி, சூடானி, பெங்களூர்ப் பை வியாபாரி என்று தொழுகை வரிசை முற்றத்தைத் தாண்டிப் போகும். சலாம் கொடுத்து முடிந்ததும் மொத்தக் கூட்டமும் வாசலுக்குப் பாய்கிறது. அங்கேதான் கடைகள்.

சின்ஜியாங்கிலிருந்து வந்த உய்குர்காரர்கள் வண்டிச் சக்கரம் அளவுக்கு நான் ரொட்டியை அடுக்கி வைத்திருப்பார்கள். மேலே எள், வெங்காயம். கரிநெருப்பில் ஆட்டுக்கறிக் கம்பி, துண்டுக்கு நடுவில் ஒரு கொழுப்புத் துண்டு, மேலே சீரகத்தூளும் மிளகாய்த்தூளும் மழையாகத் தூவி. உலர்ந்த திராட்சை, அக்ரூட், தயிர். பட்டாணி விற்கிற பாட்டி வரைக்கும் எல்லாரிடமும் போனில் ஸ்கேன் செய்து காசு அனுப்ப வேண்டும். நோட்டை நீட்டினால் பழைய காசு சேகரிக்கிறவனைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். 2022-ல் நம்ம கலெக்டர் ஆபீஸ் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்தப் போய், பீஃப் பிரியாணிக்கு இடமில்லை என்று தகராறு கிளம்பி, கடைசியில் மழையைச் சொல்லித் தள்ளிப்போட்டார்கள் அல்லவா? இங்கே பந்தலும் இல்லை, ரிப்பனும் இல்லை, வாராவாரம் நடக்கிறது. ஆடும் மாடும் பக்கத்துப் பக்கத்து அடுப்பில் வேகின்றன.

மூன்றாவது கேள்விக்கு வந்துவிட்டேன்.

அந்த வரிசையின் கடைசியில் ஓர் உய்குர் சாச்சா பெரிய இரும்புக் கடாயில் போலோ என்கிற கறிச்சோறு வைப்பார். நம்ம தேக்சா மாதிரி கழுத்து குறுகவில்லை, வாயகன்ற சட்டி. எண்ணெய் காய்ந்ததும் எலும்போடு ஆட்டுக்கறி, வெங்காயம், பிறகு நீளவாக்கில் அரிந்த கேரட் மூட்டை மூட்டையாக. கேரட்டா என்று நீங்கள் எழுந்து நிற்பது இங்கே தெரிகிறது. உட்காருங்கள். நீங்கள் அரிசியைப் பாதி வேகவைத்து வடித்துக் கறியோடு சேர்க்கிறீர்கள். அவர் ஊறவைத்த அரிசியை அப்படியே கறித்தண்ணீர் மேல் பரப்பி மூடிவிடுகிறார். அரிசி கறியின் சாற்றைக் குடித்தே வேகிறது. பச்சைமிளகாய் இல்லை, புதினா இல்லை, தயிர் இல்லை, ஊறவைத்து அரைத்த மிளகாய் விழுதும் இல்லை. வாசனைக்குச் சீரகம். அரிசி உருண்டை ரகம், நம்ம சீரக சம்பாவின் மணம் அதற்குக் கிடையாது. தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காயும் இல்லை. ஒரு கிண்ணம் வெங்காயம்–தக்காளி மட்டும்.

இந்தக் குறைகளையெல்லாம் எண்ணிக்கொண்டே நின்றேன். கூட்டத்தில் ஒருத்தர் அவசரப்பட்டு மூடியில் கை வைத்தார். சாச்சா கரண்டிக் காம்பால் அந்தக் கையை ஒரு தட்டுத் தட்டினார். நேரம் ஆகவில்லையாம். கடன்காரன் வந்து நின்றாலும் தம் உடைக்க மாட்டேன் என்று நீங்கள் என் கையைத் தட்டியதற்கும் இதற்கும் சத்தம்கூட ஒன்றுதான். மூடி திறந்ததும் வந்த ஆவியில் நான் ஆம்பூர்க்காரன் என்பதை ஒரு தட்டு வரைக்கும் மறந்துவிட்டேன். இரண்டாவது தட்டில் நினைவு வந்தது, மிளகாய் கேட்டேன்.

தீர்ப்பு இதுதான். நிற்கும் மாமு. முன்னால் நிற்காது, தாத்தா வழி உறவுக்காரர் கல்யாணத்துக்கு வந்து நிற்பதுபோல ஓரமாக, மரியாதையாக நிற்கும். காரம் கேட்காதவர்களுக்கு அதுதான் முதல் பந்தி. எனக்கு இரண்டாவது. அந்தக் கடையில் பச்சைப் பலகை கிடையாது என்பதை அப்புறம்தான் கவனித்தேன். யாரும் கேட்கவுமில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த ஊரில் சியாவ்பெய் என்கிற பக்கம் ஏமன் மந்தி, துருக்கி கபாப், இந்தியக் கடை எல்லாம் உண்டு. இந்தியக் கடையில் பிரியாணி என்று தந்ததை உங்களிடம் விவரித்தால் விசாவை ரத்து செய்யச் சொல்வீர்கள். ‘பெரிய தட்டுக் கோழி’ என்று ஒன்று, கோழியும் உருளைக்கிழங்கும் அடியில் பட்டை நூடுல்ஸும்; நாலு பேர் இல்லாமல் உள்ளே போகக்கூடாது. மாட்டுக் குடலை முள்ளங்கியோடு வேகவைத்துத் தெருமுனையில் விற்கிறார்கள், பார்த்தால் நம்ம போட்டிதான். இந்த ஊர் முஸ்லிம்களே அதை முதலில் போட்டது என்று ஒரு பேச்சு உண்டு. ஆனால் இப்போது விற்கிறவர்கள் பலரிடம் நம்ம சிங்ஜென் எழுத்து இல்லை, அதனால் மோந்து பார்த்துவிட்டு நகர்கிறேன். டீயில் பாலும் இல்லை சர்க்கரையும் இல்லை. ஹுய் கடைகளில் மட்டும் மூடி போட்ட கோப்பையில் பேரீச்சை மாதிரி இலந்தை, கற்கண்டு, உலர்ந்த பழமெல்லாம் போட்டு ஒரு டீ தருகிறார்கள், முமானிக்குப் பிடிக்கும்.

வியாபாரமும் பரவாயில்லை. காண்டன் கண்காட்சியின் மூன்றாவது கட்டம் முடிந்தது. ஷூவும் பையும் அதில்தான். 1957-லிருந்து நடத்துகிறார்கள். நம்ம பக்கத்து ஆட்கள் ராணிப்பேட்டை, மேல்விஷாரத்திலிருந்துகூட வந்திருந்தார்கள். எல்லோரும் முதலில் கேட்டது சோல் விலை இல்லை, சோறு எங்கே என்று. என் போனில் இருக்கிற அந்த இரண்டு எழுத்தை ஹால் முழுக்க அனுப்பிவைத்தேன்.

கடைசியாக ஒரு வேலை. வாணியம்பாடியானும் பேர்ணாம்பட்டுப் பையன் ஒருத்தனும் (பெண்ணின் அண்ணன் இல்லை, விசாரித்துவிட்டேன்) நானும் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி போடுவதாக இருக்கிறோம். தாய்லாந்து அரிசி இருக்கிறது, சிங்ஜென் கடைக் கறி இருக்கிறது, ஒரு ரைஸ் குக்கர் இருக்கிறது. மூடி மேல் கங்கு போட வழியில்லை. வீட்டுக்காரம்மாள் கூரையில் புகைமணி மாட்டியிருக்கிறார். அளவுதான் தெரியவில்லை. அம்மியிடம் கேட்டால், மாமு போடுகிற அளவு என்கிறார்கள். உங்களிடம் போனில் கேட்டதற்கு, பத்துக் கிலோவுக்கு இரண்டு கைப்பிடி மிளகாய் என்றீர்கள். எங்களிடம் இருப்பது அரைக் கிலோ அரிசி. வகுத்துப் பார்த்தால் ஒரு கைப்பிடியில் பத்தில் ஒரு பங்கு வருகிறது. அதை எண்ணிக்கையில் எழுதி அனுப்புங்கள். கூடவே, அந்தக் கைப்பிடி உங்களுடையதா, கூட எடுபிடி வேலை பார்க்கிற பையனுடையதா என்பதையும்.

வஸ்ஸலாம்,
உங்கள் மருமகன்