ஊதாக்கட்ட மன்னர்

எந்தக் கல்லூரி விடுதிக்குப் போனாலும் இவரைப் பார்க்கலாம். எம்.சி.ஏ. இரண்டாமாண்டு. படிப்பதே கம்ப்யூட்டர் படிப்பு. ஆனால் "பரீட்சை கம்ப்யூட்டர்ல" என்றால் முகம் வெளுத்துவிடும். "நடுவுல கரண்ட் போச்சுன்னா? மவுஸ் மக்கர் பண்ணுச்சுன்னா? சர்வர் படுத்துருச்சுன்னா?" பாடத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் சந்தேகம் கேட்பார்.

செமஸ்டர் பரீட்சையில் இவர் புலி. ஜாவா புரோகிராமையே பேனாவால் எழுதிப் பழகிய கை. பதிமூன்று மார்க் கேள்விக்கு விடை தெரியாவிட்டால் என்ன? முன்னுரை, ஒரு படம், நாலு அடிக்கோடு, முடிவுரை என்று பக்கத்தை நிரப்பிவிடுவார். திருத்துகிறவர் இரக்கப்பட்டு ஆறு மார்க்காவது போடுவார். கம்ப்யூட்டரிடம் இந்தப் பாச்சா பலிக்காது. நாலு விடையில் ஒன்றைத் தொடச் சொல்லும், கதை கேட்காது. இவருடைய பயத்தின் ஆணிவேர் அதுதான்.

எம்.டெக். சேர்வதற்கான கேட் (GATE) தேர்வுக்கு வந்திருக்கிறார். அதுவும் கம்ப்யூட்டரில்தான். 65 கேள்வி, மூன்று மணி நேரம். சொந்தக் கால்குலேட்டருக்கு அனுமதியில்லை. திரையிலேயே ஒன்று உண்டு. ஒவ்வொரு எண்ணையும் மவுஸால் தேடித் தேடி அமுக்குகிறார். ஒரு எண் தப்பிப்போனதும், அதை மட்டும் அழிக்காமல் மொத்தத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். கடைசியில் நம்பிக்கையில்லாமல் அதே கணக்கைப் பேப்பரிலும் போட்டுப் பார்க்கிறார். ஓரத்தில் கடிகாரம் இறங்குமுகமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

விடை போட்ட கேள்வியின் எண்ணுள்ள கட்டம் பச்சையாகும். பார்த்துவிட்டு விட்டது சிவப்பாகும். 'அப்புறம் பார்க்கலாம்' என்று குறித்தது ஊதாவாகும். இவருக்குப் பிடித்த நிறம் ஊதா. அரியர் வைத்தே வளர்ந்தவர் அல்லவா! நேரம் முடியும்போது திரையின் வலப்பக்கம் காய்த்துக் குலுங்கும் கத்தரித் தோட்டமாக இருக்கும். அறுவடை செய்யத்தான் ஆள் இருக்காது. தேர்வு தானாகவே முடிந்துவிடும்.

விதிமுறையைப் படிக்கும் வழக்கமும் கிடையாது. கல்லூரி ஆசிரியர் வேலைக்கான யு.ஜி.சி. நெட் தேர்வில் 150 கேள்விகளில் எதற்குத் தவறான விடை போட்டாலும் மார்க் குறைப்பு இல்லை. அங்கே பயந்துபோய் முப்பது கேள்வியை விட்டுவிட்டு வருவார். கேட் தேர்வில் ஒரே விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளுக்குத் தப்பாகப் போட்டால் மார்க் வெட்டு உண்டு. அங்கேதான் சாமியைக் கும்பிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு அமுக்குவார்.

இத்தனைக்கும் இதே திரை, இதே பொத்தான்களோடு மாதிரித் தேர்வை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். இவர் அந்தப் பக்கமே போகமாட்டார். உங்களுக்குத் தெரிந்த ஊதாக்கட்ட மன்னர் யாராவது இருந்தால், பரீட்சைக்கு முன் இரண்டு தடவையாவது பிடித்து அதன் முன்னால் உட்கார வையுங்கள். பாடம் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மவுஸ்மேல் பழி போடுவதாவது நிற்கும்.